அட்டவணையை மாற்ற எந்தக் கருவி? சிறிய அணிகளுக்கான ஓர் ஒப்பீடு

இலங்கையில் 2016 ஜனவரியிலிருந்து புதிதாகக் கொடுக்கப்படும் தேசிய அடையாள அட்டைகளில் 12 எண்கள். அதற்கு முந்தியவற்றில் 9 எண்களும், கடைசியில் வி அல்லது எக்ஸ் என்று ஓர் எழுத்தும். அடையாள அட்டை இலக்கத்தைத் தரவுத்தள அட்டவணையில் 10 எழுத்து நிரலில் (செங்குத்து வரிசையில்) வைத்திருந்த ஒவ்வொரு மென்பொருளிலும் அந்த நிரலை அகலமாக்க வேண்டி வந்தது. அதற்கு எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியில் ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி உங்கள் மடிக்கணினியில், சோதனைச் சேர்வரில், உண்மையான சேர்வரில், வாடிக்கையாளரின் கடையில் தனியாக ஓடும் கணினியில் எல்லாம் ஓடிவிட்டதா என்று கேட்டால் பல அணிகளிடம் பதில் இருக்காது. வட்ஸ்அப் குழுவில் பழைய செய்தியைத் தேடுவார்கள்.

வற் வரியும் இதே கதைதான். 2022இல் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, அதே ஆண்டில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. வீதத்தை மென்பொருளின் கோட் வரிகளுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தவர்கள், வீதமும் அது அமுலுக்கு வந்த திகதியும் கொண்ட தனி அட்டவணை ஒன்றுக்கு மாற வேண்டியிருந்தது. அரசாங்கம் மாற்றும், நாமும் மாற்ற வேண்டும். அந்த மாற்றங்களை இலக்கமிட்ட கோப்புகளாக எழுதி, கமாண்ட் லைனில் இருந்து ஓட்டி, எது ஓடியது என்பதைத் தரவுத்தளத்திலேயே பதிந்து வைப்பதற்குத்தான் மைகிரேஷன் கருவிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

நான் மனதில் வைத்திருப்பது கொழும்பில் சாதாரணமாகக் காணக்கூடிய ஓர் அமைப்பு. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனம். இணையத்தில் ஓர்டர் எடுக்கும் பகுதி லாரவெல்லில் (பிஎச்பி மொழிக்கான ஃபிரேம்வொர்க், அதாவது மென்பொருள் எழுதத் தயாராகக் கிடைக்கும் கட்டமைப்பு). பில் போடும் மென்பொருள் ஜாவாவில், யாரோ எப்போதோ எழுதியது. மாத அறிக்கைகளுக்குப் பைதன். மூன்றும் தொடுவது ஒரே தரவுத்தளம். அணியில் நாலைந்து பேர். தரவுத்தளத்துக்கென்று தனி ஆள் கிடையாது. பெரிய வங்கிக்கோ தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கோ வேலை செய்பவர்களுக்கு இந்த ஒப்பீடு அவ்வளவு பொருந்தாது. அவர்களிடம் தணிக்கை, அனுமதி, விலைகொடுத்து வாங்கிய உரிமம் என்று வேறு கணக்குகள் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகளை நன்றாக ஓடும்போது ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது. ஒரு கமாண்ட் கொடுத்தால் எல்லாமே அட்டவணையை உருவாக்கிவிட்டு அமைதியாக முடிந்துவிடும். பாதியில் விழும்போது தரவுத்தளத்தை எந்த நிலையில் விட்டுப்போகிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றம் எழுதினால் என்ன செய்கிறது என்ற இரண்டிலும்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டும். நான் பார்ப்பது அந்த இரண்டைத்தான். எத்தனை வகைத் தரவுத்தளங்களை ஆதரிக்கிறது என்ற நீண்ட பட்டியலால் நாலு பேர் கொண்ட அணிக்கு ஒரு பயனும் இல்லை.

ஃபிரேம்வொர்க்கோடு வருவதே போதாதா?

பல நேரங்களில் போதும். லாரவெல்லின் ஆர்ட்டிசான், பைதன் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் மைகிரேஷன், பைதனில் எஸ்கியூஎல்அல்கெமி என்ற தரவுத்தள நூலகத்தோடு சேர்த்துப் பாவிக்கும் அலெம்பிக் எல்லாம் நல்ல கருவிகள். தரவுத்தளத்தை ஒரே ஒரு மென்பொருள்தான் தொடுகிறது என்றால், வெளியே போய்ப் புதுக் கருவி தேடுவது வீண் வேலை.

மூன்று மென்பொருள்கள் தொடும்போதுதான் பிரச்சினை. லாரவெல் அணி ஒரு நிரலின் பெயரை மாற்றுகிறது. அந்த மாற்றம் பிஎச்பியில் எழுதப்பட்டு லாரவெல் கோப்புறைக்குள் கிடக்கிறது. ஜாவா எழுதுபவர் அதைத் திறந்தும் பார்க்க மாட்டார். தரவுத்தளம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு, “எங்கள் எல்லோருக்கும்” என்று பதில் வந்தால், மைகிரேஷன்களைத் தனிக் களஞ்சியத்தில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் ரிப்போவில்), எல்லோரும் வாசிக்கக்கூடிய சாதாரண எஸ்கியூஎல்லில் வைப்பதே நல்லது. அந்த இடத்தில் ஃபிரேம்வொர்க் கருவிகள் போட்டியிலிருந்து விலகிவிடுகின்றன.

இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய தரவை ஃபிரேம்வொர்க்கின் மொடல்கள் வழியாக ஒவ்வொரு நிரையாக (கிடை வரிசையாக) எடுத்துத் திருத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தரவுத்தளம் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள கிளவுட்டில் இருந்து, நீங்கள் வெள்ளவத்தை வீட்டிலிருந்து அதை ஓட்டினால், ஒரு நிரைக்குப் போய்வர 50 மில்லிசெக்கன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1 இலட்சம் நிரைகளுக்கு 5,000 செக்கன், அதாவது ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல். அதே வேலையை ஒரு அப்டேட் வரியாக எழுதினால் தரவுத்தளம் தன் இடத்திலேயே சில செக்கன்களில் முடித்துவிடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவதையே பாருங்கள்: முன்னால் 19, பிறகு பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்கள், பிறகு ஒரு பூச்சியம், பிறகு மீதி நான்கு எண்கள். எழுத்து போய்விடும். முழுக்க எஸ்கியூஎல்லில் எழுதக்கூடிய வேலை இது. ஒரே ஆள் பழைய இலக்கத்தோடு ஒரு தடவையும் புதிய இலக்கத்தோடு இன்னொரு தடவையும் பதிவாகியிருந்தால் இந்த மாற்றம், ஒரே இலக்கம் இரண்டு தடவை வரக்கூடாது என்ற யுனிக் விதியில் முட்டி நிற்கும். அப்படி நின்றால் என்ன ஆகும்?

பாதியில் விழுந்தால்

இதற்கான பதில் கருவியைவிடத் தரவுத்தளத்தில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் அட்டவணை மாற்றங்களையும், எல்லாமே நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று கட்டிவைக்கும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்கலாம். ஐந்து வரிகளில் நாலாவது விழுந்தால் முதல் மூன்றும் நடக்காதது போலாகிவிடும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு அட்டவணை மாற்றமும் தானாகவே கமிட் ஆகிவிடும் (நிரந்தரமாகிவிடும்). 8.0 பதிப்பிலிருந்து ஒரு தனி மாற்றம் அரைகுறையாக நிற்காது என்ற உறுதி வந்திருக்கிறது, ஆனால் நாலாவது வரி விழுந்தால் முதல் மூன்றும் நடந்தது நடந்ததுதான். அதே குடும்பத்து மாரியாடிபிக்கும் இதே குணம்தான். ஆகவே போஸ்ட்கிரெஸ் பாவிப்பவர்கள் எந்தக் கருவியை எடுத்தாலும் பெரிய ஆபத்தில்லை. மைஎஸ்கியூஎல்காரர்கள்தான் யோசித்து எடுக்க வேண்டும்.

லாரவெல்லில் மைஎஸ்கியூஎல் பாவித்து விழுந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. மைகிரேஷன் பாதியில் விழும். அது ஓடியதாகப் பதிவாகாது. திருத்திவிட்டுத் திரும்ப ஓட்டினால் “அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது” என்று வரும். கையால் போய் அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

ஃபிரேம்வொர்க்கோடு சேராத தனி மைகிரேஷன் கருவிகளில் ஃபிளைவே இந்த விடயத்தில் நேர்மையானது. மைஎஸ்கியூஎல்லில் ஒரு கோப்பு விழுந்தால் தன் வரலாற்று அட்டவணையில் “தோல்வி” என்று ஒரு நிரை எழுதிவிடும். நீங்கள் தரவுத்தளத்தைக் கையால் சரிசெய்து, ‘ரிப்பேர்’ கமாண்ட் கொடுக்கும் வரை அடுத்த படிக்குப் போகாது. கோ மொழிக்காரர்கள் பாவிக்கும் கோலாங் மைக்ரேட்டும் அடம்பிடிக்கும்: ஒரு பதிப்பை ஆரம்பிக்கும்போதே அதை ‘டர்ட்டி’ என்று குறித்துவிடும், வெற்றியாக முடிந்தால்தான் அந்தக் குறி போகும். விழுந்தால் ‘ஃபோர்ஸ்’ கமாண்ட் கொடுத்து எந்தப் பதிப்பில் நிற்கிறீர்கள் என்று நீங்களே சொல்ல வேண்டும். அவசரத்தில் தப்பான இலக்கம் கொடுத்தால் அதையும் நம்பிவிடும்.

லிக்விபேஸ் என்ற இன்னொரு கருவி ஓடத் தொடங்கும்போது தனியான பூட்டு அட்டவணை ஒன்றில் குறி போடும். இரண்டு பேர் ஒன்றாக ஓட்டாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் ஓட்டும் கணினியே நடுவில் நின்றுபோனால் அந்தக் குறி அப்படியே கிடக்கும். அடுத்தவர் ஓட்டும்போது பூட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லி நிற்கும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த ஊரில் இது கற்பனையான ஆபத்து அல்ல. ‘ரிலீஸ்-லாக்ஸ்’ என்ற கமாண்டைத் தெரிந்துவைத்திருங்கள். அதைவிட நல்லது, எந்தக் கருவியானாலும் மைகிரேஷனை மடிக்கணினியிலிருந்து ஓட்டாமல் சேர்வரிலேயே, இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் டீமக்ஸுக்குள் அல்லது டிப்ளொய் பைப்லைனில் (புதிய பதிப்பைத் தானாக நிறுவும் ஏற்பாட்டில்) ஓட்டுவது. கறண்ட் போனாலும் வேலை அங்கே முடிந்துவிடும்.

மைஎஸ்கியூஎல்லை விட முடியாதவர்களுக்கு ஒரு எளிய விதி: ஒரு கோப்பில் ஒரு மாற்றம் மட்டும். லிக்விபேஸும் ஒரு சேஞ்ச்செட்டில் (அதன் மாற்றத் தொகுதியில்) ஒரு மாற்றம் என்றுதான் பரிந்துரைக்கிறது. கோப்புகள் பெருகும், பெருகட்டும்.

போஸ்ட்கிரெஸ்காரர்களும் முழுதாக நிம்மதியாக இருந்துவிட முடியாது. அங்கே வரும் ஆபத்து பூட்டுத்தான். மாதக் கடைசியில் யாரோ ஒரு நீண்ட அறிக்கையை ஓடவிட்டிருக்கிறார். அதே அட்டவணையில் நீங்கள் ஒரு நிரல் சேர்க்கிறீர்கள். உங்கள் மாற்றம் அறிக்கை முடியும் வரை காத்திருக்கும், உங்களுக்குப் பின்னால் வரும் பில்கள் எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும். கடையில் வரிசை நிற்கும், தொலைபேசி அடிக்கும். எந்தக் கருவியும் இதிலிருந்து தானாகக் காப்பாற்றாது. கோப்பின் முதல் வரியில், பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் ‘லாக் டைம்அவுட்’டை ஒரு சில செக்கன்களுக்கு வைத்துவிடுங்கள், கிடைக்காவிட்டால் விழட்டும், பிறகு ஓட்டலாம். நிரலின் வகையும் கணக்கில் வரும். அடையாள அட்டை இலக்கம் வார்க்கார் (நீளம் மாறக்கூடிய எழுத்து வகை) 10 ஆக இருந்தால் 12 ஆக்குவது நொடியில் முடியும். கார் (நிலையான நீள எழுத்து வகை) 10 ஆக இருந்தால் அட்டவணை முழுவதும் திரும்ப எழுதப்படும்.

இரண்டு பேர், இரண்டு கிளைகள்

ஒருவர் திங்களன்று ஒரு மைகிரேஷன் கோப்பை உருவாக்கி தன் கிளையிலேயே (கிட்டில் தனியாக வேலை செய்யும் பிரதியில்) வைத்திருக்கிறார். இன்னொருவர் புதனன்று ஒன்றை உருவாக்கி வியாழனே மெயினில் (எல்லோருக்கும் பொதுவான கிளையில்) சேர்த்து, சேர்வரிலும் ஓடிவிட்டது. வெள்ளியன்று முதலாமவரின் கோப்பு சேர்கிறது. அதன் திகதி முந்தியது. இப்போது?

கோலாங் மைக்ரேட் சாதாரணமாக இதைத் தவறவிடும். அது தன் அட்டவணையில் வைத்திருப்பது ஒரே ஒரு எண், இப்போதைய பதிப்பு. அதைவிடச் சிறிய எண் கொண்ட கோப்பு ஓடியதா இல்லையா என்று அதற்குத் தெரியாது, ஓடிவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும். பிழைச் செய்தியும் வராது. சேர்வரில் ஒரு நிரல் குறையும், அது மாதக்கடைசி அறிக்கையில்தான் தெரியவரும். கோ மொழியில் வேலை செய்பவர்கள் இதை விரும்பி எடுக்கிறார்கள் என்பது தெரியும். ஒருவருக்கு மேல் மைகிரேஷன் எழுதும் அணிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதே கோ உலகில் கூஸ் இருக்கிறது. விட்டுப்போன கோப்பு இருந்தால் அது சத்தம் போட்டு நிற்கும். நீங்கள் அனுமதித்தால்தான் ஓட்டும்.

ஃபிளைவேயும் அப்படியே நிற்கும். ‘அவுட் ஆஃப் ஓர்டர்’ என்ற அமைப்பைத் திறந்துவிட்டால் பின்தங்கியதையும் ஓட்டும். டிபிமேட் என்ற சிறிய கருவி எந்தெந்தப் பதிப்புகள் ஓடின என்று முழுப்பட்டியல் வைத்திருப்பதால் ஓடாமல் இருப்பதைக் கண்டுபிடித்து ஓட்டிவிடும். வரிசையைப் பற்றிக் கவலைப்படாது. அலெம்பிக்கில் ஒவ்வொரு கோப்பும் தனக்கு முந்தியதைப் பெயர் சொல்லிச் சுட்டுவதால், இரண்டு கிளைகள் சேரும்போது இரண்டு தலைகள் இருக்கின்றன என்று மறுத்துவிடும், நீங்கள் இணைப்புக் கோப்பு ஒன்று எழுத வேண்டும். சற்றுத் தொல்லை, ஆனால் சரியான தொல்லை. டேவிட் வீலர் எழுதிய ஸ்கிட்ச் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் எண்ணே கிடையாது. எந்த மாற்றம் எதைச் சார்ந்தது என்று திட்டக் கோப்பில் எழுதுகிறீர்கள்; ஒவ்வொன்றுக்கும் போடுவதற்கு, திரும்ப எடுப்பதற்கு, சரிபார்ப்பதற்கு என்று மூன்று எஸ்கியூஎல் கோப்புகள். வடிவமைப்பில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பெர்ல் மொழியை நிறுவ வேண்டும், ஒரு சின்ன நிரலுக்கும் மூன்று கோப்புகள் எழுத வேண்டும். புதிதாகச் சேரும் பொடியன்களுக்கு இதை விளங்கவைப்பதற்குள் அவர்கள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள்.

தானாக எழுதித்தரும் கருவிகள்

“எனக்கு வேண்டிய நிலையை எழுதுகிறேன், போகும் வழியை நீயே கண்டுபிடி” என்பது இன்னொரு வகை. அட்லஸ் அப்படியானது. அலெம்பிக், ஜாங்கோ ஆகியவற்றில் உள்ள தானியங்கி உருவாக்கமும் இதற்கு உறவுதான். ஆரம்பத்தில் மந்திரம் போல இருக்கும்.

நம்மூர் உதாரணம் ஒன்று. பொருள் அட்டவணையில் ‘பெயர்’ என்று ஒரு நிரல் இருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில். பில்லில் சிங்களமும் தமிழும் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். சரி, அந்த நிரலை ‘ஆங்கிலப் பெயர்’ என்று மாற்றி, பக்கத்தில் ‘சிங்களப் பெயர்’, ‘தமிழ்ப் பெயர்’ இரண்டையும் சேர்க்கிறீர்கள். அலெம்பிக்கின் தானியங்கிக்குப் பெயர்மாற்றம் என்பது தெரியாது. பழைய நிரலை அழி, மூன்று புதிய நிரல்களைச் சேர் என்று எழுதித்தரும். வாசிக்காமல் ஓட்டினால் பொருள்களின் பெயர்கள் எல்லாம் போய்விடும். இதை அதன் ஆவணங்களே வெளிப்படையாகச் சொல்கின்றன. ஜாங்கோ குறைந்தபட்சம் பெயர் மாற்றினீர்களா என்று கேட்கும்.

ஆகவே தானியங்கி எழுதித்தரட்டும், ஆனால் உருவாகும் எஸ்கியூஎல்லை ஒருவர் வாசித்த பிறகே ஓட வேண்டும். எல்லாக் கருவிகளிலும் இதற்கு வழி உண்டு: லாரவெல்லில் ‘பிரிடெண்ட்’, ஜாங்கோவில் ‘எஸ்கியூஎல்மைக்ரேட்’, லிக்விபேஸில் ‘அப்டேட்-எஸ்கியூஎல்’. சாதாரண எஸ்கியூஎல் கோப்புகளையே எழுதும் கருவியில் இந்தப் படியே தேவையில்லை. கோப்பில் இருப்பதுதான் ஓடும். அந்த எளிமைக்கு நான் அதிகப் புள்ளி கொடுப்பேன்.

மொழியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு இடைச்செருகல். மைஎஸ்கியூஎல்லில் ‘யுடிஎஃப்8’ என்று பழைய பெயரில் இருப்பது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் எடுக்கும். தமிழும் சிங்களமும் 3 பைட்டில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாகத் தெரியும், யாராவது வாடிக்கையாளர் குறிப்பில் ஒரு இமோஜி போடும் வரை. புதிய தரவுத்தளத்தின் முதல் மைகிரேஷனிலேயே ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று எழுதிவிடுங்கள்.

பின்னால் போகும் வசதி

விற்பனைப் பக்கங்களில் இதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஃபிளைவேயின் இலவசப் பதிப்பில் ‘அன்டூ’ கிடையாது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அழித்த நிரலைத் திரும்பச் சேர்க்கலாம், அதிலிருந்த தரவை, மாற்றத்தைத் திரும்ப எடுக்கும் எந்த ‘டவுன்’ கோப்பும் கொண்டுவராது. உண்மையான சேர்வரில் தப்பு நடந்தால் முன்னோக்கி இன்னொரு திருத்தக் கோப்பு எழுதுவதும், கையில் பக்கப் இருப்பதும்தான் வழி. மடிக்கணினியில் விளையாடிப் பார்க்கும்போது ‘டவுன்’ வசதியானது, அவ்வளவுதான்.

அதைவிடப் பயனுள்ளது, ஓடிமுடிந்த பழைய கோப்பை யாராவது திருத்தினால் காட்டிக்கொடுப்பது. ஃபிளைவே ஒவ்வொரு கோப்பின் செக்சமையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்), லிக்விபேஸ் ஒவ்வொரு சேஞ்ச்செட்டின் செக்சமையும் சேமித்து வைத்து, மாறியிருந்தால் ஓட மறுக்கும். டிபிமேட் பதிப்பு இலக்கத்தை மட்டுமே வைத்திருப்பதால் இதைக் கவனிக்காது. டிபிமேட்டின் பெரிய ஓட்டை இதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் முழு ஸ்கீமாவையும் (அட்டவணைகளின் அமைப்பையும்) ஒரே எஸ்கியூஎல் கோப்பாக அது எழுதிவைக்கும். அதை கிட்டில் சேர்த்தால், யார் எதை மாற்றினார்கள் என்று ரிவியூவில் கண்ணில் படும். ஓட்டை பாதி அடைபட்டுவிடுகிறது.

சரி, எதை எடுப்பது?

ஒரே மென்பொருள், ஒரே ஃபிரேம்வொர்க் என்றால் அதோடு வருவதையே வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்கத் தேவையில்லை.

பல மென்பொருள்கள், போஸ்ட்கிரெஸ், சிறிய அணி என்றால் டிபிமேட். ஒரே ஒரு பைனரி (நேரடியாக ஓடும்) கோப்பு. மேலே போவதும் கீழே வருவதும் ஒரே எஸ்கியூஎல் கோப்பில். இணைப்பு விபரம் ஒரு சூழல் மாறியில். புதிதாக வருபவர் ஒரு மத்தியானத்துக்குள் பழகிவிடுவார். ஸ்கீமாவை எழுதிவைக்க அதற்குப் போஸ்ட்கிரெஸின் டம்ப் கருவி கணினியில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பல மென்பொருள்கள், மைஎஸ்கியூஎல் என்றால் ஃபிளைவே. தோல்வியைப் பதிந்துவைக்கும் குணத்துக்காகவும் செக்சமுக்காகவும். அணியில் ஜாவா தெரிந்தவர் இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அதன் கமாண்ட் லைன் பொதியில் ஜாவாவும் சேர்ந்தே வரும். வியூக்களையும் (சேமித்துவைத்த வினவல்களையும்) ஃபங்ஷன்களையும் அவை மாறும்போதெல்லாம் திரும்ப ஓட்டும் தனி வகைக் கோப்பும் அதில் உண்டு, மாத அறிக்கைகள் நிறைய உள்ள இடத்தில் இது கைகொடுக்கும்.

லிக்விபேஸை, ஒரே மென்பொருளை ஒரு வாடிக்கையாளருக்கு ஒரக்கிளிலும் இன்னொருவருக்கு எஸ்கியூஎல் சேர்வரிலும் விற்பவர்கள் எடுக்கட்டும். மாற்றங்களை எக்ஸ்எம்எல்லிலோ யாம்லிலோ எழுதினால் அந்தந்தத் தரவுத்தளத்துக்கேற்ப எஸ்கியூஎல்லாக மாற்றித்தரும். ஒரே தரவுத்தளம் வைத்திருப்பவர் அந்த எக்ஸ்எம்எல்லைச் சுமக்கக் காரணமில்லை. 2025இல் வந்த 5.0 பதிப்போடு அதன் சமூகப் பதிப்பின் உரிமமும் மாறியிருக்கிறது, அதை விற்கும் பொருளோடு சேர்த்துக் கொடுப்பவர்கள் ஒரு தடவை வாசிப்பது நல்லது. டொலரில் மாதச் சந்தா கட்டும் எந்தப் பதிப்பையும் எடுக்கும் முன் 2022ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ஆனபோது பல அணிகளின் கணக்கு குழம்பியது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்கு இவற்றில் ஒன்றைக் கொண்டுவருவதுதான் பெரும்பாலானோருக்கு நடக்கப்போவது. இப்போதுள்ள ஸ்கீமாவை முழுதாக எடுத்து அதை முதலாவது கோப்பாக வையுங்கள். பிறகு உண்மையான சேர்வரில் அந்தக் கோப்பை ஓட்டாமலே ஓடியதாகக் குறிக்க வேண்டும்: ஃபிளைவேயில் ‘பேஸ்லைன்’, அலெம்பிக்கில் ‘ஸ்டாம்ப்’, லிக்விபேஸில் ‘சேஞ்ச்லொக்-சிங்க்’. டிபிமேட்டில் அதன் பதிப்பு அட்டவணையில் ஒரு நிரையைக் கையாலேயே எழுதிவிடலாம். அதற்கு முன், சேர்வரில் உள்ள ஸ்கீமாவையும் சோதனைச் சேர்வரில் உள்ளதையும் டிஃப் எடுத்துப் பாருங்கள். அநேகமாக இரண்டும் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசங்கள்தான் உங்கள் இரண்டாவது கோப்பு.